கோத்தகிரி தோட்ட வீட்டுக்குக் கைத்துப்பாக்கி: எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்குக் கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் வழியில் சின்னத் தேயிலைத் தோட்டம். வீட்டில் அவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகன், வயதான அம்மா. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. போன மழைக்காலத்தில் மோட்டாரும் உர மூட்டைகளும் திருடு போயிருக்கின்றன. ஒரு விடியற்காலையில் வாசல் வரை கரடி வந்திருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மச்சான், "வீட்டில் ஒரு பிஸ்டல்கூட இல்லாமல் எப்படித் தூங்குகிறீர்கள்" என்கிறாராம். அந்த மச்சானின் சொந்தத் தங்கையான மனைவியோ, துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாகச் சொல்கிறாராம். ரிவால்வரா பிஸ்டலா, எந்த மாடல் என்பது கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: போன வருடம் தவறிப்போன அப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கி இன்னும் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதாம்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன், குன்னூர் பக்கம் குடியிருக்கிறேன். லைசென்ஸ் எடுக்க நினைக்கிற தோட்டக்காரர்கள் அவ்வப்போது யோசனை கேட்டு வருவார்கள். தம்பி, உங்களுக்கு என் பதில், கைத்துப்பாக்கி வேண்டாம் என்பதுதான். ஆனால் கேட்டது மாடல் பற்றி. அதைச் சொல்லாமல் புத்திமதி மட்டும் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மச்சான் ஊர்க் கடையில் வரிசையாக அடுக்கியிருப்பதில் பெரும்பங்கு 9 எம்எம். இங்கே அது தடை செய்யப்பட்ட போர் (bore, குழல் துளையின் அளவு), சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, இல்லையென்றால் அதைவிடச் சின்ன .22. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் வரவழைப்பதும் 1980களின் நடுவிலிருந்தே அநேகமாக நின்றுபோயிற்று. அதனால்தான் அந்தக் காலத்து வெப்லி, வால்தர் எல்லாம் லைசென்ஸ்காரர்களுக்குள் கைமாறும்போது பல லட்சம் போகின்றன. அந்த விலை அபூர்வத்துக்குத்தான், கூடுதல் பாதுகாப்பு எதுவும் அதில் இல்லை.

உள்நாட்டுச் சரக்கில் முதலில் வருவது கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்லி அமைப்பு: நடுவில் மடக்கித் திறந்தால் தோட்டா போடும் ஆறு அறைகளும் ஒன்றாகத் தெரியும். 2014இல் அதையே டைட்டானியம் கலவையில் அரைக் கிலோ எடைக்குக் கொண்டுவந்து, நிர்பீக் என்று பெயரிட்டு, பெண்களின் பாதுகாப்புக்கு என்று விளம்பரம் செய்தார்கள். அன்றைய விலை 1 லட்சத்து 22 ஆயிரம். 2023இல் அந்த அறைகள் உள்ள சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிற பிரபல் என்ற ரிவால்வர் வந்தது. பிஸ்டல் வேண்டுமென்றால் அஷானி. 2025 செப்டம்பரிலிருந்து ரிவால்வர், பிஸ்டல் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். ஒரு சின்னத் தேயிலை விவசாயிக்குப் பச்சை இலை விற்ற காசு எத்தனை மாதத்துக்குப் போகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிவால்வரா பிஸ்டலா என்றால், தினமும் பழகாத ஆளுக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் அது நடந்தால் மேல் சட்டத்தைப் பின்னுக்கு இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், கை நடுங்கும்போது பயிற்சி இல்லாதவரால் அது ஆகாது. சேஃப்டி போட்டிருக்கிறதா, அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்கிற குழப்பமும் பிஸ்டலில்தான் அதிகம். மேகஸினை, அதாவது தோட்டா அடுக்கிய கூட்டை, கழற்றியாயிற்று, இனி காலிதான் என்று நினைத்து அறைக்குள் மிஞ்சிய ஒரே தோட்டாவில் ஆளைச் சுட்டுவிடுவது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. ரிவால்வருக்கும் குறை உண்டு: நாயை, அதாவது சுத்தியலை, முன்பே பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேரடியாக விசையை இழுத்தால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தில் குழல் ஒரு பக்கம் சாய்ந்து குறி விலகும். இரண்டுக்கும் .32 என்றே சொன்னாலும் தோட்டா ஒன்றல்ல. ரிவால்வருடையது நீளம், விளிம்பு உள்ளது. பிஸ்டலுடையது குட்டை. ஒன்றை மற்றொன்றில் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.

அப்புறம் ஈரம். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாது. மூடுபனிக் காலத்தில் பீரோவுக்குள் இருக்கிற செருப்புகூடப் பூசணம் பிடிக்கிற ஊர் இது. தோல் உறையில் துப்பாக்கியை வைத்தால் தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பிலேயே வைத்திருக்கும், சில வாரத்தில் துரு தட்டும். தோட்டாவின் பித்தளையில் பச்சை படரும். லேசாக எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பையோடு இரும்புப் பெட்டியில் வைத்து, மாதம் ஒரு தடவையாவது எடுத்துத் துடைக்க வேண்டும். இதற்குச் சோம்பல்படுகிறவர் துப்பாக்கி வைத்திருக்கவே லாயக்கில்லை.

சரி, இதை எதற்கு எதிராக எடுக்கப் போகிறீர்கள்? கரடி என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. .32 கைத்துப்பாக்கித் தோட்டாவின் வேகமும் எடையும் சேர்ந்து தருகிற ஆற்றல் ஏறத்தாழ 150 முதல் 200 ஜூல். ஒரு சாதாரண 12 போர் தோட்டா 2,000 ஜூலைத் தாண்டும். பெரிய மிருகத்துக்கென்று வனத்துறைகள் வைத்திருக்கும் ரைபிள்கள் அதற்கும் பல படி மேலே. காட்டெருமைக் காளை ஒரு டன் வரை வரும், அதன் தோளில் .32 பட்டால் உண்ணி கடித்த மாதிரிதான். கரடிக்கு அடர்த்தியான முடி, தடித்த மண்டை. அது பாய்வதே பயத்தில்தான். நீங்கள் சுட்டால் பயத்தோடு வலியும் சேர்ந்துகொள்ளும். சிறுத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நீங்கள் பார்க்கும்போது அது அநேகமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். 2021இல் மசினகுடி பக்கம் டி23 புலியைப் பிடிக்கக் கும்கி யானை, ட்ரோன், மோப்ப நாய் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே வனத்துறை வாரக்கணக்கில் அலைந்தது. மிருகத்தோடு மோதுவது அந்த அளவு வேலை.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் பிரிவு 11, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தின் வேறு எந்தப் பிரிவையும் மீறிக்கொண்டிருக்கக் கூடாது, வேறு வழியில்லாமல்தான் சுட்டேன் என்பதை நீங்கள் விளக்கியாகவும் வேண்டும். வாசலில் நின்ற கரடியை ஜன்னல் வழியாகச் சுட்டால் எந்த விளக்கமும் நிற்காது. கரடி எதற்கு வருகிறது என்று பாருங்கள். கோயில் விளக்கு எண்ணெய்க்கும் சத்துணவுக்கூட எண்ணெய்க்கும் கதவை உடைத்த கரடிகள் நம் பக்கம் எத்தனை! சமையல் கழிவையும் எண்ணெயையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள், வாசலில் ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கு போடுங்கள், விடியுமுன் வெளியே இறங்கும்போது டார்ச் அடித்துக் குரல் கொடுத்துவிட்டு இறங்குங்கள். நாய் வளர்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். திருடனுக்கு நல்லது, ஆனால் ராத்திரி வெளியே கட்டிப்போட்டால் சிறுத்தைக்கு அழைப்பு வைத்ததாகிவிடும். உள்ளே படுக்க விடுங்கள்.

இனி மனிதன். 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் கும்பல் புகுந்து காவலாளியைக் கொன்ற பிறகு அந்தச் சாலையில் குடியிருப்பவர்களுக்கு வந்த பயம் எனக்கும் தெரியும். போலீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் வளைவு வளைவாக ஏறித்தான் வர வேண்டும். இந்த இடத்தில் மச்சான் சொல்வதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். தனியாக இருக்கிற வீட்டில் முதல் அரை மணி நேரத்துக்கு நீங்கள்தான் உங்களுக்குப் போலீஸ்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ரிவால்வர் எங்கே இருக்கும்? சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு கணக்கு எழுதினார்: கத்தியோடு நிற்கிற ஆள் ஏழு கஜத்தைக் கடக்க ஒன்றரை விநாடி போதும். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கிற பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அது மட்டுமட்டான நேரம். உங்களுக்கோ பள்ளிக்கூடப் பையன் இருக்கிற வீடு. தோட்டாவைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாக, இரண்டையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். பத்திரமாக வைத்தால் கைக்கு எட்டாது, கைக்கு எட்டினால் பத்திரம் இல்லை. விரலை வைத்தால் திறக்கிற பெட்டிகள் இதைக் கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது. இதற்கு மேல் நம் வீடுகளின் கட்டுமானம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, பலகைத் தடுப்பு, பிளைவுட் கதவு. திருடனைத் தாண்டிய தோட்டா அம்மா படுத்திருக்கிற அறைக்குள் போக அதிகம் மெனக்கெடாது.

சட்டம் இந்த இடத்தில் நீங்கள் பயப்படுகிற அளவு மோசமில்லை. 2024 ஜூலையிலிருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளி சாகும் அளவுக்குக்கூட அது நீளும். கொள்ளை, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் வீடு உடைத்து நுழைவது, இவற்றிலும் நீளும். ஆனால் அதே இடத்தில் பிரிவு 37 கடிவாளம் போடுகிறது: அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் நீங்கள் கொலை வழக்கில் நிற்பீர்கள். போன மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் நடந்தது அந்த மாதிரித் திருட்டுதான் என்பதை மறக்காதீர்கள்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், விண்ணப்பம் ஊட்டி கலெக்டர் அலுவலகத்துக்கு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, லைசென்ஸ் காலம் ஐந்து வருடம். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு முடிவு வந்த பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கோவைக்கு வேலையாகப் போகும்போது காரில் போட்டுக்கொண்டு போகலாம் என்று எண்ணாதீர்கள், லைசென்ஸில் எழுதியிருக்கும் நிபந்தனையைத் தாண்டக் கூடாது.

மலைக்காரர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று காட்டுயிர்ச் சட்டத்தின் பிரிவு 34இல் இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது ஆயுத லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் அதே விதி. இந்தப் பக்கம் முதுமலை, அந்தப் பக்கம் முக்கூர்த்தி, கொடநாட்டுக் காட்சிமுனைக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் சத்தியமங்கலம். வரைபடத்தில் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், நீலகிரியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று. பழனி மலைக்காரர்களுக்கும் 2013இல் கொடைக்கானல் சரணாலயம் வந்த பிறகு இதே கதைதான். மைசூர் போகிற வழியில் முதுமலைக்குள் துப்பாக்கியோடு நுழையவும் முன் அனுமதி வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, நாட்டுத் துப்பாக்கி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துக்கு இப்போது குறைந்தது இரண்டு வருடச் சிறை. தவிர, தண்ணீர்க் குழாயில் செய்த அந்தக் குழல் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது.

இனி அண்ணன் தங்கை சண்டை. மச்சான் இருக்கிற நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது 1791லிருந்து அரசியல் சட்டத்தில் இருக்கும் உரிமை. 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றே தீர்ப்பளித்தது. நம் அரசியல் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இங்கே துப்பாக்கி ஆதரவாளர்கள் காந்தியை இழுப்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் பாவங்களில் மிகக் கறுத்தது ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று 1918இல் அவர் எழுதியது நிஜம். ஆனால் அது ராணுவத்துக்கு ஆள் சேர்க்க எழுதிய துண்டறிக்கை. அவர் சொன்ன 1878ஆம் வருடச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. இதே நீலகிரியில் துரைமார் வேட்டைக்குத் துப்பாக்கியோடு திரிய, பயிர் வைத்தவன் பன்றியிடம் கைகட்டி நின்றான். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அதிலிருந்து, ராத்திரியில் தலையணைக்கடியில் ரிவால்வர் வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதுதான் எனக்கு ஒட்டவில்லை.

குடகுக்காரர்களுக்கு லைசென்ஸ் விலக்கு இன்றும் இருக்கிறதே, அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அங்கே துப்பாக்கி தலைமுறை தலைமுறையாகப் பூஜையில் வைத்துப் பழகிய பொருள். கடையில் வாங்கிக்கொண்டு வந்து பெட்டியைப் பிரிக்கிற நமக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

தங்கையின் கட்சிக்கு அமெரிக்காவிலேயே ஆதாரம் இருக்கிறது. அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. 1993இல் வந்த கெல்லர்மன் ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்றது. ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குவார்கள், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள் என்று மறுப்பு வந்தது. அந்த மறுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. தற்கொலை விஷயத்தில் அந்த வாதம் அவ்வளவு எடுபடாது. அமெரிக்கா வரை போகவே வேண்டாம், இலங்கையைப் பாருங்கள். 1990களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் வரை இறங்கியது. மனத்துயரம் இறங்கவில்லை, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த சாவு விலகிப்போயிற்று. தோட்டத்தில் மருந்து அடிக்கிற நமக்கு இது சொல்லாமலே தெரியும்: கடன், குடி, பரீட்சை மார்க், வீட்டுச் சண்டை, எதுவானாலும் அந்தப் பத்து நிமிடம் கடந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். உங்கள் வீட்டுக்காரம்மா பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம், அவரையே கேளுங்கள். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்கிறபோது ஒளித்து வைத்துத் துப்பாக்கி வளர்ப்பது எப்படியும் ஆகாத காரியம்.

கைத்துப்பாக்கிக்கு ஆகிற பணத்தில் பாதியை எடுத்து முன் கதவையும் பின் கதவையும் மாற்றி உள்தாழ்ப்பாள் இரும்பில் போடுங்கள். மோட்டார் ஷெட்டுக்குக் கேமரா, சோலார் விளக்கு. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒரு போன் ஏற்பாடு: ஒருவர் வீட்டில் சைரன் அடித்தால் நான்கு வீட்டில் விளக்கு எரிய வேண்டும். திருட வருகிறவனுக்கு வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் போல ஆகாதது வேறில்லை.

கடைசியாக அப்பாவின் துப்பாக்கி. நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே அவசரமாகப் பட்டது அதுதான். லைசென்ஸ் அவர் பெயரில். அவர் போனதோடு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமையும் போயிற்று. ஆயுதச் சட்டத்தின் பிரிவு 21 சொல்வது, தாமதம் செய்யாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று. இப்போது சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பவர் நீங்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வக்கீலோடு இந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் தகவல் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

ஒப்படைத்த பிறகு, வாரிசு என்ற முறையில் 2016 விதிகளின் விதி 25இன்படி உங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டியிருக்கும். புது ரிவால்வருக்கு வழி தேடுவதைவிட இது நேர் வழி. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள ஒற்றைக் குழலைச் சட்டமும் கொஞ்சம் இளக்கமாகவே பார்க்கிறது. மலை வீட்டுக்கு அது ரிவால்வரைவிடப் பொருத்தமும்கூட. எளிதில் ஒளிக்க முடியாது, பையன் விளையாட்டாக எடுத்து ஆட்ட முடியாத நீளம், வானத்தைப் பார்க்க ஒரு வெடி வெடித்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்த வெடியும் உயிருக்கு ஆபத்து என்கிற நேரத்தில் மட்டும்தான். கல்யாணத்தில் கும்மாளமாக வெடித்தால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

லைசென்ஸ் கிடைத்துத் துப்பாக்கி திரும்பி வந்தாலும் எடுத்த எடுப்பில் சுட்டுப் பார்க்காதீர்கள். ஒரு வருடம் மூலையில் ஈரம் குடித்திருக்கிறது. குழலுக்குள் துருக்குழி இருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம், பூட்டு தளர்ந்திருக்கலாம். அடைத்த குழலில் வெடித்தால் குழல் பிளந்து சுடுகிறவரின் இடது கையைத்தான் முதலில் எடுக்கும். லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம் காட்டிச் சோதித்த பிறகுதான் தோட்டா. அப்பா வைத்துப்போன பழைய தோட்டாக்கள் டப்பாவில் இருந்தால், குறிப்பாக அட்டைக் கூடு ஊதிப்போனவை, அவற்றையும் எண்ணித் துப்பாக்கியோடு சேர்த்து இப்போதே ஒப்படைத்துவிடுங்கள். ரசீதில் அந்த எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.